"வட்டலப்பம் யாருட சாப்பாடு, சேர்?"



கொஞ்சம் நீளமான பதிவு. பிளேன்டீ ஒன்றை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து வாசியுங்கள்.

போன தவணை ஒன்பதாம் தரப் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடத்தில் ஓர் ஒப்படை கொடுத்தேன். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள பழைய சாப்பாட்டுக் கடை அல்லது சாப்பாட்டுச் சாமான் ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். 38 பேரில் பாதிப்பேர் பொரித்த கோழி விற்கும் வெளிநாட்டுக் கம்பனியைப் பற்றி போனிலிருந்து பார்த்து எழுதியிருந்தார்கள். வாழைத்தோட்டத்துப் பிள்ளைகள்! மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்தாலே பத்துக் கடை தட்டுப்படும் இடம் இது. கோபம் வந்தது உண்மை.

ஒரு பொடியன் மட்டும் பெருநாளுக்கு அவனுடைய உம்மும்மா செய்யும் வட்டலப்பத்தைப் பற்றி எழுதிவிட்டு, கடைசி வரியில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தான். "சேர், வட்டலப்பம் நம்மட சாப்பாடா, மலாய்க்காரங்கட சாப்பாடா? உம்மும்மா நம்மட எண்டு செல்றாங்க. பக்கத்து வீட்டு மலாய் ஆன்ட்டி அவங்கட எண்டு செல்றாங்க."

இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கான பதில். கேள்வி ஒரு வரி. பதில் கொழும்பு முழுக்கச் சுற்றி வருகிறது. கொழும்பில் எங்கே என்ன சாப்பிடலாம் என்று வெளியூர் நண்பர்களும் அடிக்கடி கேட்பார்கள். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் நம் சொந்தத் தெரு. புதுக்கடையைச் சிங்களத்தில் அளுத்கடே என்பார்கள், ஆங்கிலத்தில் ஹல்ஸ்டொப். ஒல்லாந்தத் தளபதி ஜெராட் ஹல்ஃப்ட் 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடிக்க வந்த முற்றுகையில் செத்துப்போனவர். கோட்டை விழுந்ததைப் பார்க்க அவருக்கு ஆயுள் இருக்கவில்லை. 'ஹல்ஃப்டின் ஊர்' என்று அவர் பெயரை வைத்தார்கள். இன்று பகலில் கறுப்புக் கோட்டுப் போட்ட சட்டத்தரணிகள், இரவில் கொத்து, கபாப், ஈரல், பாயா. நோன்பு மாதத்தில் தராவீஹுக்குப் பிறகு அப்துல் ஹமீத் வீதியில் கால் வைக்க இடமிருக்காது.

ஏன் நம்மவர்கள் இங்கே வந்து குவிந்தார்கள்? இப்னு பதூதா 1344இல் 'கலன்பு' என்று எழுதிய காலத்திலேயே துறைமுகத்தைச் சுற்றி முஸ்லிம்கள் இருந்தார்கள். போர்த்துக்கேயர் 1526இல் கொழும்பிலிருந்து விரட்டினார்கள். ஒல்லாந்தர் காலத்தில் கோட்டைக்குள்ளும் புறக்கோட்டையிலும் சோனகர் காணி, வீடு வாங்கத் தடை. ஆங்கிலேயர் 1832இல்தான் அந்தத் தடையை நீக்கினார்கள். அதனால் மதிலுக்கு வெளியே குடியேறியவர்களின் அடையாளமாகப் பழைய சோனகத் தெரு, புதிய சோனகத் தெரு என்ற பெயர்கள் நிற்கின்றன. வேலை உள்ளே, வீடு வெளியே. நடுவில் பசி எடுக்கும் அல்லவா? கடைகள் அந்த நடுவில்தான் முளைத்தன என்பது என் கணிப்பு.

போர்த்துக்கேயர் நம்மை விரட்டினாலும் இரண்டு சாமானை விட்டுப் போனார்கள். ஒன்று பாண். அந்தச் சொல்லே அவர்களுடையது. மற்றது கொச்சிக்காய். அதற்கு முன் நம் கறிக்கு உறைப்புத் தந்தது மிளகு மட்டும்தான். மிளகாய் என்ற பெயருக்குள் மிளகு ஒளிந்திருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் கண்ணை விரிப்பார்கள்.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1875இல் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்து, பத்து வருடத்தில் முடித்தார்கள். அதற்கு முன்பே 1867இல் கண்டிக்கு ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. தேயிலைப் பெட்டி இறங்க, கப்பல் நிலக்கரி ஏற, ஆயிரக்கணக்கான கூலியாட்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள். அவர்களுக்கு யார் சமைப்பது? காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் பக்கமிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம், மலையாளிகள் இன்னொரு பக்கம், செட்டியார் தெருவில் சைவக்கடைகள். கோட்டையில் துரைமார் 1884இல் தொடங்கிய பகோடா டீ ரூமில் கேக்கும் தேத்தண்ணியும் எடுத்தார்கள். நம் கூலியாள் தம்பி கடையில் பராட்டாவைச் சாயத் தேத்தண்ணியில் தோய்த்தார்.

கரையார் என்றும் சம்மாங்காரர் என்றும் நாம் சொல்லும் இந்திய முஸ்லிம்கள் கட்டியதுதான் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் உள்ள சிவப்புப் பள்ளி. 1909இல் முடிந்தது. சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துவிட்டு அப்படியே திரும்பிப் போகிறார்கள். பள்ளியைச் சுற்றியுள்ள குறுக்குத் தெருக்களில் ஜும்ஆ முடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள் தீர்ந்துபோகும் புரியாணியைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. பெரிய போர்டு வைத்த கடையைப் பார்க்காதீர்கள். நாட்டாமைமார் எந்தக் கடை வாங்கில் உட்கார்ந்திருக்கிறார்களோ அங்கே போங்கள். பாரம் சுமப்பவன் கெட்ட சாப்பாட்டுக்குக் காசு கொடுக்க மாட்டான்.

சென்னை மவுண்ட் ரோட்டில் 1951இல் புஹாரி ஹோட்டலைத் தொடங்கிய ஏ.எம். புஹாரி, சிக்கன் 65 என்றால் எல்லோரும் சொல்லும் அந்தப் பெயர், இளமையில் கொழும்பில் இருந்தவர். இந்தியாவிலிருந்து இங்கே வந்த சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறோம். இங்கே பழகிய கையொன்று அங்கே போய்ப் பெயர் எடுத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மலையாளிகளின் கதை சோகமானது. 1930களில் அவர்களுக்கு எதிராகத் தொழிற்சங்க மேடையிலேயே பேசினார்கள். 1939இல் அரசாங்க நாட்கூலி வேலையிலிருந்து இந்தியரை நீக்கும் முடிவு வந்தபோது நேருவே கொழும்புக்கு வந்தார். பலனில்லை. மலையாளிகள் பெரும்பாலும் போய்விட்டார்கள். கோதம்பா ரொட்டி என்று நாம் சொல்கிறோமே, அந்தக் 'கோதம்பு' மலையாளத்தில் கோதுமை. ஆட்கள் போய்விட்டார்கள், சொல் நம் தட்டில் கிடக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

அந்த ரொட்டியைக் கொத்தினால் கொத்து. அது கிழக்கில் நம்மவர் கடைகளில் தொடங்கியது என்பதே பெரும்பாலோர் சொல்வது. மட்டக்களப்பா, காத்தான்குடியா, திருகோணமலையா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. எனக்கு மூன்று ஊரிலும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது நாடு முழுக்கப் பரவியதற்குக் கோதுமை மாவுக்குப் பங்குண்டு. எழுபதுகளில் அரிசித் தட்டுப்பாடு, ஹோட்டல்களில் வாரத்தில் சில நாள் சோறு விற்கக் கூடாது என்ற சட்டம். 1977இல் பொருளாதாரம் திறந்தது, 1980இல் திருகோணமலையில் பிரிமா ஆலை மாவரைக்கத் தொடங்கியது. இரவில் வேலை முடிந்து வருபவனுக்குச் சூடாக, வயிறு நிறைய ஒரு தட்டு. கொழும்பு அதைப் பிடித்துக்கொண்டது.

இனிக் கொம்பனித்தெரு. பையனின் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

கொம்பனி என்றால் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி. பேரை ஏரியால் சூழப்பட்ட அந்தத் துண்டு நிலத்தில் அடிமைகளை இரவில் அடைத்து வைத்தார்கள். ஆங்கிலப் பெயர் அப்படி வந்தது. ஜாவாவிலிருந்தும் மற்றத் தீவுகளிலிருந்தும் ஒல்லாந்தர் கொண்டுவந்தவர்களில் சிப்பாய்களும் இருந்தார்கள், நாடுகடத்தப்பட்ட அரச குடும்பத்தவர்களும் இருந்தார்கள். நாம் எல்லோரையும் சேர்த்து மலாய்க்காரர் என்கிறோம். ஆங்கிலேயர் காலத்தில் சிலோன் ரைபிள் ரெஜிமென்டில் பெரும்பாலும் அவர்கள்தான். 1873இல் அந்தப் படையைக் கலைத்தார்கள். பொலிஸ், தீயணைப்புப் படை, சிறைச்சாலை, தோட்டம் என்று சிதறினார்கள். படிப்பறிவு இல்லாத கூட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1869இலேயே பாபா யூனுஸ் சல்தீன் கொழும்பில் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையை அரபு எழுத்தில் அச்சடித்தார். நாம் அரபுத்தமிழில் எழுதியதைப் போல.

நம் சமையலறையில் அவர்கள் எவ்வளவு இருக்கிறார்கள் என்று பாருங்கள். சம்பல் மலாய்ச் சொல். தினமும் தேங்காய் துருவிச் செய்கிறோம், பெயர் ஜாவாப் பக்கத்திலிருந்து வந்தது. ரம்புட்டான் மலாய்ச் சொல், 'ரம்புட்' என்றால் மயிர். நாம் உடுக்கும் சாரமும் அவர்கள் சொல்தான். தொதல் அங்கேயும் உண்டு.

லம்பிரைஸை எடுங்கள். ஜாவாவில் வாழையிலையில் சுற்றிய சோற்று உருண்டைக்கு லெம்பர் என்று பெயர். ஒல்லாந்தரின் நாக்கில் அது மாறியது. இறைச்சி அவித்த தண்ணியில் ஆக்கிய சோறு, கலப்பு இறைச்சிக் கறி, ஃப்ரிக்கடெல் உருண்டை, கத்தரிக்காய், சீனிச் சம்பல், கூனி இறால் போட்ட பிளாச்சாங், எல்லாவற்றையும் வாட்டிய வாழையிலையில் கட்டி அவனில் சுடுவார்கள். பறங்கியர்கள் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 1908இல் தொடங்கிய டச்சு பேகர் யூனியன் ரீட் அவெனியூவில் இருக்கிறது, லம்பிரைஸுக்குப் பெயர் போன இடம். ஒரு எச்சரிக்கை: பழைய முறையில் கலப்பு இறைச்சியில் பன்றியும் சேரும். நாம் கேட்டு விசாரித்தே வாங்க வேண்டும். கேட்பதில் வெட்கம் வேண்டாம். நான் கேட்ட இடங்களில் ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

வட்டலப்பத்துக்கு வருவோம். மலாய் நாட்டில் முட்டை, தேங்காய்ப்பால், சீனி சேர்த்து அவிக்கும் பண்டம் ஒன்று உண்டு, ஸ்ரீகாயா என்பார்கள். இங்கே வந்தவர்கள் சீனிக்குப் பதிலாகச் சிங்களக் கிராமங்களில் கிடைத்த கித்துள் கருப்பட்டியைப் போட்டார்கள், ஏலக்காயைச் சேர்த்தார்கள். அவிக்கும் வட்டிலை வைத்து 'வட்டில் அப்பம்' என்று தமிழில் பெயர் வந்தது என்பது ஒரு விளக்கம். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பெருநாளைக்கு இன்றும் வட்டலப்பம் செய்கிறார்கள். நம் கப்பல்காரர்கள் கொண்டுபோயிருக்க வேண்டும். ஆக முறை மலாய், கருப்பட்டி சிங்களம், பெயர் தமிழ், பெருநாள் நம்முடையது. பையனின் கொப்பியில் சிவப்புப் பேனையால் "உம்மும்மாவும் சரி, ஆன்ட்டியும் சரி" என்று எழுதி, பத்துக்குப் பத்துப் போட்டேன்.

(கடையில் வட்டலப்பம் வாங்குபவர்களுக்கு: வெட்டிப் பார்த்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்க வேண்டும், கருப்பட்டியில் புகை மணம் வர வேண்டும். பளபளவென்று ஜெலி மாதிரி நின்றால் அதில் கித்துளை விடச் சீனிதான் அதிகம். இப்போது கித்துள் என்று விற்பதில் பாதி சீனிப்பாகு.)

நான் சின்னவனாக இருந்த காலத்தில் வாப்பா என்னைக் கொம்பனித்தெருவுக்கு ஞாயிறு காலையில் கூட்டிப்போவார். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கை. போர்டு கிடையாது. கதவு பாதி திறந்திருந்தால் கடை இருக்கிறது என்று அர்த்தம். உள்ளே ஒரு மலாய் அம்மா. மலாயில் பாட்டிக்கு நெனெ. முழு ஒழுங்கையும் அவரை நெனெ என்றே கூப்பிடும். பாபத் என்றால் மாட்டு வயிற்றுக் குடலை மணிக்கணக்கில் அவித்துச் செய்யும் கறி. பிட்டுடன் அதை வாழையிலையில் வைத்துத் தருவார். பஸ்தோல் என்ற மடித்த பலகாரம், விளிம்பைக் கையாலேயே பின்னியிருப்பார், அளந்து வைத்தது போல இருக்கும். பத்து மணிக்குப் பிறகு போனால் சட்டி கழுவிக்கொண்டிருப்பார். "நாளைக்கு வாங்க மகன்" என்பார். நாளைக்கு என்றால் அடுத்த ஞாயிறு.

அந்த ஒழுங்கை இன்று இல்லை. 2010இலிருந்து கொம்பனித்தெருவில் வீடுகளை உடைக்கத் தொடங்கினார்கள். மியூஸ் ஸ்ட்ரீட் போனது, ஜாவா லேன் போனது. மக்களைத் தெமட்டகொடை, வனாத்தமுல்லை, மட்டக்குளிப் பக்கம் மாடி வீடுகளுக்கு அனுப்பினார்கள். 1870களில் கட்டிய டி சொய்சா கட்டடத்தையும் 2021இல் இடித்துவிட்டார்கள். வீடு கிடைத்தவர்களில் சந்தோஷப்பட்டவர்களும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். தண்ணி வருகிறது, மழைக்கு ஒழுகாது. ஆனால் பன்னிரண்டாம் மாடியில் கதவைப் பாதி திறந்து வைத்தால் யார் பாபத் வாங்க வருவார்கள்? கட்டடத்துக்கு நட்டஈடு கணக்குப் பார்த்தார்கள். ஞாயிறு காலை வாடிக்கையாளர்களுக்கு எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

இன்னொன்றையும் எழுதாமல் விட முடியாது.

2013 மார்ச்சில் ஹலால் இலச்சினையை உள்நாட்டுச் சாமான்களிலிருந்து எடுத்தார்கள். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் நம்மவர் ஹோட்டல் ஒன்றில் கறியில் மாவுக்கட்டி கிடந்ததை வைத்து, மலட்டு மருந்து கலந்தார்கள் என்று கதை கட்டி, பள்ளியைத் தாக்கினார்கள். அரச பகுப்பாய்வாளர் பார்த்துவிட்டு அது வெறும் மாவு என்றார். உலக சுகாதார அமைப்பு அப்படியொரு மருந்தே இல்லை என்றது. கதை ஓடிய தூரத்துக்கு அந்த அறிக்கைகள் ஓடவில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும்.

என்னுடன் முன்பு படிப்பித்த சிங்கள ஆசிரியர் ஒருவர், மாதச் சம்பளம் எடுத்த அன்று எங்கள் பக்கத்துக் கொத்தைப் பார்சல் எடுத்துக்கொண்டுதான் வீடு போவார். இருபது வருடப் பழக்கம். 2019 மே மாதம் எடுக்கவில்லை. ஜூனிலும் இல்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நோவு அவர் மேல் இல்லை. வீட்டில் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பயந்திருப்பார். கதை அவ்வளவு தூரம் உள்ளே போயிருந்தது. ஹஜ் பெருநாளைக்கு நான் ஒரு வட்டலப்பச் சட்டியோடு அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி வாங்கி, எனக்கு முன்னாலேயே ஒரு கரண்டி வெட்டிச் சாப்பிட்டு, "இது எங்கட கேகாலைக் கித்துள் தானே" என்றார். உண்மை, நான் கேகாலைக் கருப்பட்டிதான் தேடி வாங்கியிருந்தேன். அதற்கடுத்த மாதம் கொத்துப் பார்சல் மறுபடி போனது.

அந்த ஒரு சட்டியால் நாட்டில் எதுவும் மாறவில்லை. அதே மே மாதம் மினுவாங்கொடையில் எரிந்த கடைகளுக்கு அது பதிலும் இல்லை. ஆனால் யார் கடையில் யார் சாப்பிடுகிறார்கள் என்பது கொழும்பில் எப்போதும் பெரிய விடயமாகவே இருந்திருக்கிறது. 1915 கலவரத்தில் முதலில் அடி விழுந்தது கரையார் கடைகளுக்கு. 1983 ஜூலையில் தமிழர் கடைகள் எரிந்தன, சைவக்கடைகளும் சேர்ந்து. எரிந்த இடத்தில் மறுபடி அடுப்பு மூட்டியவர்களும் இருக்கிறார்கள். வெள்ளவத்தையில் தோசை சாப்பிடும்போது அதை நான் மறப்பதில்லை.

சரி, கொழும்புக்கு வருபவர்கள் என்னிடம் கேட்பதற்குப் பதில். ஒரு நாள் இருந்தால் காலையில் செட்டியார் தெருவில் சைவக்கடை இட்லி. பதினொரு மணிக்குப் புறக்கோட்டையில் மாசி வாங்குங்கள், கையில் உடைத்து மணந்து பாருங்கள், மாலைதீவு மாசி கல் மாதிரி இருக்கும். வெள்ளிக்கிழமையென்றால் பள்ளிப் பக்கத்துப் புரியாணி. வெயிலுக்கு பலூடா. அஸருக்குப் பிறகு காலிமுகத்திடல். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் பெண்களும் பிள்ளைகளும் காற்று வாங்கத் திறந்த இடம், இன்று இறால் வடைக்குப் போகிறோம். எண்ணெயின் நிறத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இரவுக்குப் புதுக்கடை. ஆறு பேர் இருந்தால் சஹன் சொல்லுங்கள், தனித்தனித் தட்டில் அந்த ருசி வராது. அவ்வளவுதான் என் பட்டியல். போன் தரும் நட்சத்திரங்களை நான் பார்ப்பதில்லை, என் மகள் பார்ப்பாள், இருவரும் சில நேரம் ஒரே கடையில் போய் முடிவோம்.

இப்போது உங்களிடம் ஓர் உதவி. நான் சொன்ன நெனெயின் மகள் மட்டக்குளியில் ஏதோ ஒரு மாடி வீட்டில் இருப்பதாகவும், சொல்லி வைத்தால் பாபத் செய்து கொடுப்பதாகவும் கேள்விப்பட்டேன். ஒன்பதாம் தரத்தில் மூன்று பொடியன்மார் என்னோடு வந்து அவரிடம் கேட்டு எழுதத் தயாராக இருக்கிறார்கள். அளவு, நேரம், பஸ்தோல் விளிம்பு பின்னும் விதம் எல்லாவற்றையும். தெரிந்தவர்கள் முதலில் அவரிடம் விருப்பம் கேட்டுவிட்டு, எனக்கு இன்பொக்ஸில் சொல்லுங்கள். முகவரியைக் கீழே பொதுவில் போட வேண்டாம். பழைய கொம்பனித்தெருக் கடைகளின் படம் யாரிடமாவது அல்பத்தில் இருந்தால் அதையும் அனுப்புங்கள். கடைக்கு முன்னால் யாராவது நின்று எடுத்த கல்யாணப் படமாக இருந்தாலும் பரவாயில்லை, பின்னால் போர்டு தெரிந்தால் போதும்.